தூரத்துல இரை தூவ எந்த ராடு, எந்த ரீல்? கெண்டைக்காரத் தம்பிக்கு கொஞ்சம் விலாவாரியா

தம்பி கேட்டதை மொதல்ல ஒருக்கா சொல்லிர்றனுங்க, அப்பத்தான் படிக்கறவங்களுக்கும் வெளங்கும். பவானிசாகர்ல தண்ணி எறங்கிட்டா கெண்டையெல்லாம் உள்ள பழைய ஆத்துப்பள்ளத்தோரமா போய் நின்னுக்குது, கரையில இருந்து 80, 100 மீட்டர் தூரத்துக்கு மக்காச்சோளமும் புண்ணாக்கும் கொண்டுபோய் கொட்டோணும், கையில 12 அடி மூணு பவுண்டு ராடும் 5000 சைஸ் ரீலும் இருக்குது, அதுலயே இரை ராக்கெட்டைக் கட்டி வீசலாமா இல்ல தனியா ஒரு செட்டு வாங்கோணுமா, வாங்கறதுனா 15 ஆயிரத்துக்குள்ள எந்த கம்பெனி நல்லாருக்கும்? இதுதான் கேள்வி. கம்பெனி பேரைத்தான் வாய் விட்டு கேட்டிருக்கீங்க, ஆனா அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்குதுங்க. மீன் புடிக்கற ராடும் இரை தூவற ராடும் ஒண்ணாவே இருக்க முடியுமாங்கறது ஒண்ணு, இருக்கற காசை ராடுல எச்சா போடறதா ரீல்ல எச்சா போடறதாங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா கம்பெனியை நீங்களே புடிச்சிருவீங்க.

நான் யாருன்னும் சொல்லிர்றேன். கோயமுத்தூர் கணபதியில லேத்து பட்டறை வெச்சிருக்கேன், பம்புக்கு சாஃப்ட்டு கடையறதுதான் பொழப்பு, தூண்டில் போடறது 20 வருசப் பழக்கம். கூட மீன் புடிக்கற பசங்களோட ரீல் கெட்டுப்போனா என்ற டேபிளுக்குத்தான் வரும், அதனால ரீலோட வயித்துக்குள்ள என்ன இருக்குது, எது மொதல்ல தேயும்ங்கறதை கையால பார்த்தவன். போட்டிக்கு வீசறவன் இல்லீங்க, நான் எவ்வளவு எட்டிப் புடிச்சாலும் இரை ராக்கெட்டு 100 மீட்டருக்கு இக்கட்டாலதான் விழுகும். அதனால 130, 150 மீட்டர் வீசறவங்க சமாச்சாரத்துக்குள்ள நான் போகலை, நம்ம அணைக்கும் குளத்துக்கும் வேணுங்கற அளவுல பேசறேன்.

இரை ராக்கெட்டுனா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டு பாதியா பொளந்து மூடற பிளாஸ்டிக் குப்பி, மூக்குல ஒரு பட்டன், தண்ணியில மோதினதும் பட்டன் அமுங்கி வாய் தொறந்து உள்ள இருக்கற இரை மொத்தமும் அங்கயே கொட்டிரும், அப்பறம் வெறுங்குப்பியை சுத்தி இழுத்துக்கலாம். ஸ்பாம்ப்புங்கற பேருல வந்தது ரொம்ப பிரபலம், அதுக்கு முன்னால வாய் தொறந்தே இருக்கற குழாய் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுக்குப் பேரு ஸ்பாட், மூக்கு மெதக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, தண்ணியில விழுந்ததும் தலைகீழா நின்னு கொட்டும். நான் 40 எம்எம் பிவிசி பைப்புல ஒண்ணு கடைஞ்சு செஞ்சு பார்த்தேன், 50 மீட்டர் வரைக்கும் பரவால்ல, அதுக்கு மேல காத்துல ஆடி ஆடி எங்கயோ போய் விழுகுது, அதனால அதை விட்டுட்டேன். இதெல்லாம் இங்கிலாந்துல கெண்டை புடிக்கறவங்க கண்டுபுடிச்ச முறைங்க, அங்க கெண்டையை புடிச்சு எடை பார்த்துட்டு திருப்பி தண்ணியிலயே விட்டுருவாங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். எல்லாரும் ராடுல ஆரம்பிக்கறாங்க, நான் எடையில இருந்து ஆரம்பிக்கச் சொல்லுவேன். கடைக்குப் போறதுக்கு முன்னால வீட்டு சமையக்கட்டுல இருக்கற தராசை எடுத்து, நீங்க வீசப்போற ராக்கெட்டுல வேக வெச்ச மக்காச்சோளத்தை ரொப்பி, தண்ணியோட எடை போடுங்க. என்கிட்ட இருக்கற பெரிய ராக்கெட்டு ரொப்பினா 190 கிராம் பக்கம் வருது, சின்னது 110 கிராம் பக்கம். மீன் புடிக்கற ராடுல நாம கட்டற ஈயம் 60, 80 கிராம்தான். அப்ப இந்த 190 கிராமுங்கறது வேற வேலை, ஸ்கூட்டர்ல அரிசி மூட்டை ஏத்தற மாதிரி. ஏத்தலாம், ஒரு நாளைக்கு போகும், தெனமும் போகாது.

ராடு மேல ரெண்டே முக்கால் பவுண்டு, மூணு பவுண்டு, அஞ்சு பவுண்டுன்னு போட்டிருக்கறதுக்குப் பேரு டெஸ்ட் கர்வ். அதை சும்மா பலம்னு நெனைச்சுக்கறாங்க. ராடோட அடிப்பாகத்தை படுக்கை வாட்டத்துல அசையாம புடிச்சுக்கிட்டு நுனியில எடையை தொங்கவிட்டா, நுனி நேரா கீழ பார்க்கற அளவுக்கு, அதாவது அடிக்கும் நுனிக்கும் 90 டிகிரி வர்ற அளவுக்கு வளைக்க எவ்வளவு எடை வேணுமோ அதுதான் டெஸ்ட் கர்வ். ஒரு பவுண்டுனா 454 கிராம், அப்ப உங்க மூணு பவுண்டு ராடு 1.36 கிலோவுக்கு வளையோணும், அஞ்சு பவுண்டு ராடு 2.27 கிலோவுக்கு. இதை வெச்சு பழைய கணக்கு ஒண்ணு இருக்குது, டெஸ்ட் கர்வ்ல பதினாறுல ஒரு பங்கு எடைதான் அந்த ராடு சுகமா வீசற எடைன்னு. மூணு பவுண்டுக்கு 85 கிராம் வருது, அஞ்சு பவுண்டுக்கு 142 கிராம். இந்தக் கணக்கு மூங்கிலை பொளந்து ஒட்டி ராடு செஞ்ச காலத்துதுங்க. 1952-ல ரெட்மயர்ங்கற குளத்துல 44 பவுண்டு கெண்டை புடிச்சாரே ரிச்சர்ட் வாக்கர், அவரு காலத்து மூங்கில் ராடெல்லாம் 10 அடி நீளம், டெஸ்ட் கர்வ் ஒன்றரை பவுண்டு பக்கம்தான். இன்னைக்கு வர்ற கார்பன் ராடு அந்தக் கணக்குக்கு மேல தாங்கும், அதனால 142 கிராமுங்கறதை கல்லுல எழுதின மாதிரி எடுத்துக்க வேண்டாம், ஒரு ராடை இன்னொரு ராடோட ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். ராடு மேல அதிகபட்ச வீச்சு எடைன்னு கம்பெனியே அச்சடிச்சிருந்தா அதை நம்புங்க, அதுக்கு மேல போகாதீங்க.

அதனால உங்க மொதல் கேள்விக்கு என்ற பதில், சின்ன ராக்கெட்டு 110 கிராமை உங்க மூணு பவுண்டு ராடுல வேகம் குடுக்காம பதனமா ஒரு 40, 50 மீட்டர் தூக்கிப் போடலாம், ஒண்ணும் ஆகாது. பெரிய ராக்கெட்டை அதுல கட்டி 80 மீட்டருக்கு வீச நெனைச்சா இன்னைக்கு உடையாட்டியும் இன்னொரு நாளைக்கு கண்டிப்பா உடையும், பெரும்பாலும் ரெண்டு துண்டும் சேர்ற மூட்டுக்கு கொஞ்சம் மேலதான் போகும், நான் பார்த்த மூணு ராடும் அங்கதான் போச்சு. இது சந்தேகமே இல்லாம சொல்றேன். 80 மீட்டருங்கறது நெசமாவே உங்களுக்கு வேணும்னா நாலரைல இருந்து அஞ்சரை பவுண்டுக்குள்ள தனி ராடு வேணுங்க.

12 அடியா 13 அடியாங்கறதுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. 13 அடியில வீச்சு கொஞ்சம் எச்சாப் போகும்ங்கறது உண்மை, ஆனா அதுக்கு ஆளும் கொஞ்சம் வாட்டசாட்டமா இருக்கோணும், நாள் பூரா 20, 30 தடவை 190 கிராமைத் தூக்கி வீசினா தோள்பட்டை இத்துப்போகும். நான் அஞ்சே முக்கால் அடி, எனக்கு 12 அடிதான் கையில நிக்குது. நம்ம குளத்துக்கரைகள்ல பின்னால சீமைக்கருவேலம் மண்டிக் கெடக்கும், நீளமான ராடை பின்னால சாய்க்கவே எடமிருக்காது. அதைவிட முக்கியமா ஒண்ணு, கார்பன் ராடுல கரண்டு பாயும். நம்மூர்ல கெணத்து மோட்டாருக்குப் போற லைன் தோட்டத்து வரப்புக்கும் குளத்துக்கரைக்கும் மேலயே தாழ்வா தொங்கிட்டு போகும். வீசறதுக்கு முன்னால தலைக்கு மேல ஒருக்கா, பின்னால ஒருக்கா பாருங்க, ராடு தொடோணும்னு இல்ல, ஈர நூலு பட்டாலே போதும். இடி மின்னல் வந்தா ராடை கீழ போட்டுட்டு அக்கட்டால வந்துருங்க.

கடையில ராடை எப்படிப் பார்க்கறதுன்னா, துண்டை சேர்த்து அடியில இருந்து ஒத்தைக் கண்ணால பாருங்க, வளையமெல்லாம் ஒரே கோட்டுல இருக்கோணும். ரீலுக்குப் பக்கத்துல இருக்கற மொதல் வளையம் பெருசா இருக்கோணும், 50 எம்எம் இருந்தா நல்லது, 40 இருந்தாலும் வேலை ஓடும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் பஞ்சைத் திரிச்சு விட்டு சுத்துங்க, எங்கயாச்சும் இழை மாட்டுச்சுனா அந்த வளையத்துல கீறல் இருக்குதுன்னு அர்த்தம், அது பிரெய்டை, அதாவது இழையிழையா பின்னின நூலை, அறுத்துரும். அப்பறம் ராடை ஒரு உலுக்கு உலுக்கிட்டு நிறுத்துங்க, நுனி சட்டுனு அடங்கினா நல்ல ராடு, நாலஞ்சு தடவை ஆடிட்டு நின்னா அது கடல் ராடுக்கு பேரை மாத்தி வெச்ச மாதிரி இருக்கும். மேல போட்டிருக்கற பவுண்டை மட்டும் நம்ப வேண்டாம். பட்டறையில வைஸ்ல ரப்பர் வெச்சுப் புடிச்சு எடை கட்டித் தொங்கவிட்டு மூணு ராடைப் பார்த்தேன், அஞ்சு பவுண்டுன்னு அச்சடிச்ச ஒண்ணு 1.8 கிலோவுலயே 90 டிகிரிக்கு வந்துருச்சு, அதாவது நாலு பவுண்டுதான். விலையும் அதுதான் எச்சு.

இனி ரீலுக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் புடிச்ச பாகமும் இதுதான். வீசறதை ராடு பார்த்துக்கும், திருப்பிச் சுத்தறதை ரீலு பார்த்துக்கோணும், இந்த வேலையில நேரமும் உடம்பு வலியும் போறது முக்கால்வாசி சுத்தறதுலதாங்க. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 5000 சைஸ் ரீலுல நூலு சுத்தி வெக்கற கட்டைக்குப் பேரு ஸ்பூல், அதோட விட்டம் 50 எம்எம்னு வெச்சுக்கலாம், சுத்தளவு 157 எம்எம், கியர் ஒண்ணுக்கு அஞ்சு, அப்ப கைப்புடியை ஒரு சுத்து சுத்தினா 78 சென்டிமீட்டர் நூலு வரும். 80 மீட்டருக்கு 102 சுத்து. பெரிய ஸ்பூல் ரீலு, 10000-ல இருந்து 14000 சைஸ்னு போட்டிருப்பாங்க, விட்டம் 75 எம்எம், கியர் ஒண்ணுக்கு 4.6 இருந்தா ஒரு சுத்துக்கு 1 மீட்டர் 8 சென்டிமீட்டர், 74 சுத்துல முடிஞ்சுது. 20 ராக்கெட்டு போட்டீங்கன்னா சின்ன ரீலுல 2040 சுத்து, பெரிய ரீலுல 1480. இந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத்தான் தெரியும். அதுபோக பெரிய ஸ்பூல்ல இருந்து நூலு அகலமான வளையமா உருவி வர்றதால உராய்வும் கம்மி, வீச்சும் தூரம் போகும்.

கியர் விகிதத்தை ஏத்திட்டே போனா இன்னும் வேகமா வரும்தானேன்னு கேப்பீங்க. வரும், ஆனா இழுவைக்கு பலம் கொறையும், சைக்கிள்ல பெரிய பல்லுல மேடு ஏர்ற மாதிரி. ஒண்ணுக்கு 6 இருக்கற சின்ன ரீலுல ராக்கெட்டை இழுத்துப் பார்த்தவங்களுக்குத் தெரியும். என்ற டேபிளுக்கு வர்ற ரீலுல நூத்துக்கு எத்தனைன்னெல்லாம் நான் கணக்கு வெச்சுக்கலை, ஆனா ராக்கெட்டு இழுத்தே கெட்டுப்போன ரீலைத் தொறந்தா திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான், பெரிய கியரோட பல்லு ஒரு பக்கம் கத்தி மாதிரி தேஞ்சு, கிரீஸ் கருப்பா சாம்பல் கணக்கா ஆயிருக்கும், அது நெசமாவே உலோகத்தூள்தான். விரல்ல தொட்டு தேச்சா மினுக்கும். பாடி பிளாஸ்டிக்கா இருந்து இழுவைக்கு லேசா நெளிஞ்சா கியர் ரெண்டும் சரியா கவ்வாது, அதுலதான் தேய்மானம். அதனால ரீலை வாங்கறப்ப பாடியை ரெண்டு கையாலயும் புடிச்சு முறுக்கிப் பாருங்க, கைப்புடி மடக்கற டைப்பா இல்லாம மரை போட்டு இறுக்கற டைப்பா இருக்குதான்னு பாருங்க. பேரிங் 10 இருக்குது 12 இருக்குதுன்னு டப்பா மேல போட்டிருக்கறதுக்கு காசு குடுக்காதீங்க, நல்ல பேரிங் நாலு இருந்தாப் போதும். பெய்ட்ரன்னர் மாதிரி ஸ்பூலை லூஸ் பண்ணி விடற வசதிக்கும் இந்த ரீலுல வேலையே இல்ல, அது மீன் புடிக்கற ரீலுக்குத்தான். ஷிமானோவுலயும் டைவாவுலயும் இந்த வேலைக்குன்னே பெரிய ஸ்பூல் ரீலு வருது, ரெண்டுமே பிரிச்சுப் பார்த்திருக்கேன், ரெண்டுலயும் நல்லதும் இருக்குது சுமாரும் இருக்குது, பேரைவிட மேல சொன்ன நாலு விசயத்தைப் பாருங்க.

வீசறப்ப டிராக்கை, அதாவது மீன் இழுத்தா ஸ்பூலை வழுக்க விடற பிரேக்கை, முழுசா இறுக்கிருங்க, இதுல பேச்சுக்கே எடமில்ல. டிராக் லூசா இருந்தா வீச்சோட அழுத்தத்துல ஸ்பூல் வழுக்கி, விரல்ல புடிச்சிருக்கற பிரெய்டு எலும்பு வரைக்கும் அறுக்கும். என்ற வலது ஆள்காட்டி விரல்ல அந்த தழும்பு இன்னும் இருக்குது. அன்னைல இருந்து தோல் கையுறையில ஒரு விரலை வெட்டி மாட்டிக்கிட்டுத்தான் வீசறேன், தையக்கடையில குடுத்தா தெச்சே குடுப்பாங்க.

இன்னொண்ணு பெயில் கம்பி, நூலை ஸ்பூலுக்கு வழிகாட்டி விடற வளைஞ்ச கம்பி, வீசறப்ப தொறந்து வெக்கறது. நாலஞ்சு வருசத்துக்கு முன்னால ஒரு குளத்துல வெள்ளெனே போய் வீசிட்டு இருந்தேன், பெயில் கம்பியோட ஸ்பிரிங்கு வலுவில்லாத பழைய ரீலு. பலமா ஒரு வீச்சு, பாதி வீச்சுலயே கம்பி தானா மூடிக்கிச்சு, நூலு படீர்னு அறுந்து ராக்கெட்டு மாத்திரம் வலது பக்கமா பறந்து போய், ஆடு மேய்ச்சிட்டு இருந்த ஒரு பெரியவருக்கு பத்தடி தள்ளி மண்ணுல குத்தி நின்னுச்சு. அவரு திரும்பிப் பார்த்துட்டு, "ஏனுங் சாமி, மீனு அங்கயல்ல இருக்குது"ன்னு தண்ணியக் காட்டினாரு. நான் ஓடிப்போய் மன்னிப்பு கேட்டேன், கையெல்லாம் நடுக்கம், அன்னைக்கு அதுக்கு மேல வீசவே இல்ல. 190 கிராம் அந்த வேகத்துல தலையில பட்டா உசுரு போயிருங்க. அன்னைல இருந்து ரெண்டு பழக்கம், பக்கவாட்டுல ஆள் இருந்தா வீசறதில்ல, வீசறதுக்கு முன்னால ரோட்டரை, அதாவது அந்தக் கம்பியைத் தாங்கி ஸ்பூலைச் சுத்தி வர்ற பாகத்தை, திருப்பி நூல் உருளை விரலுக்கு நேரா மேல வர்ற மாதிரி வெச்சுக்குவேன், அப்படி வெச்சா வீச்சோட குலுக்கல்ல ரோட்டர் சுத்தி கம்பியைத் தட்டி விடறது கொறையுது. ரீலு வாங்கறப்ப பெயிலைத் தொறந்து வெச்சுட்டு ரீலை நல்லா உலுக்கிப் பாருங்க, தானா மூடுச்சுனா அந்த ரீலு வேண்டாம்.

நூலுக்கு நான் பிரெய்டுதான் சொல்லுவேன். 20 பவுண்டு இழுவை தாங்கற பிரெய்டு 0.16, 0.18 எம்எம் பக்கம் இருக்கும், அதே 20 பவுண்டு நைலான் நரம்பு 0.40 பக்கம். கனம் கம்மியானா காத்தும் தண்ணியும் புடிக்கறது கம்மி. பிரெய்டு மெதக்கறதும் சௌகரியம், ராக்கெட்டை இழுக்கறப்ப அடியில கெடக்கற முள்ளுல மாட்டாது. ஆனா வெறும் ஸ்பூல் மேல பிரெய்டை நேரா சுத்தினா மொத்தமா வழுக்கும், அதனால அடியில கொஞ்சம் நைலான் சுத்திட்டு அதுக்கு மேல பிரெய்டு. ஈரத்துணியில புடிச்சு இறுக்கமா சுத்துங்க, ஸ்பூல் விளிம்புக்கு ஒண்ணு ரெண்டு எம்எம் கீழ நிறுத்துங்க.

20 பவுண்டு நூலுல 190 கிராமை நேரா கட்டி வீசக்கூடாது, முன்னால ஷாக் லீடர், அதாவது வீச்சோட அடியைத் தாங்கற பலமான நூல் துண்டு, வேணும். கணக்கு சுலபம், ஒவ்வொரு 28 கிராமுக்கும் 10 பவுண்டு. 110 கிராமுக்கு 40 பவுண்டு, 190 கிராமுக்கு 65, 70 பவுண்டு. நீளம் ராடைப்போல ரெண்டு மடங்கு, 24 அடி, அப்பத்தான் ராக்கெட்டு நுனியில இருந்து பாதி ராடு நீளத்துக்கு தொங்கறப்பவும் ஸ்பூல் மேல அஞ்சாறு சுத்து லீடர் இருக்கும். லீடரும் பிரெய்டும் சேர்ற முடிச்சு ஸ்பூலோட அடி விளிம்புப் பக்கம் போற மாதிரி சுத்திக்கங்க, மேல் பக்கம் இருந்தா மத்த நூலையும் சேர்த்து இழுத்துரும். ஒவ்வொரு நாளும் மொதல் வீச்சுக்கு முன்னால அந்த முடிச்சை நகத்தால தடவிப் பாருங்க, நூல் பிசிறு தட்டுச்சுனா வெட்டி புதுசா போடுங்க. பிரெய்டு வாங்க காசு இல்லீனா 12 பவுண்டு நைலானும் அதே லீடரும் போட்டு ஓட்டலாம், பத்து இருபது மீட்டர் கொறையும், அவ்வளவுதான்.

தூரத்தைவிட அதே எடத்துல விழுகறதுதாங்க முக்கியம். 20 ராக்கெட்டை 20 எடத்துல கொட்டினா மீனு குளம் பூரா சிதறி மேயும். ரெண்டு குச்சியை 12 அடி தள்ளி நட்டுக்கங்க, ராடையே கீழ வெச்சு அளந்துக்கலாம். மீன் புடிக்கற ராடோட ஈயம் எங்க விழுகுதோ அந்த நூலை ஸ்பூல் கிளிப்புல, அதாவது அதுக்கு மேல நூலு போகாம நிறுத்தற கிளிப்புல, மாட்டிட்டு குச்சியில சுத்தி எண்ணுங்க, 20 சுத்து வந்தா 240 அடி, 73 மீட்டர். அப்பறம் ராக்கெட்டு ராடையும் அதே 20 சுத்துக்கு எண்ணி கிளிப்புல மாட்டிருங்க. எதுக்க ஒரு பனைமரமோ கரட்டுல ஒரு பாறையோ குறி வெச்சு அதைப் பார்த்தே வீசுங்க. ராக்கெட்டு கிளிப்பைத் தொடறதுக்கு சித்தெ முன்னால விரலால நூலைத் தடவி வேகத்தைக் கொறைச்சு, ராடை நிமித்தி அப்படியே வளைய விடுங்க, பிரெய்டு ரப்பர் மாதிரி நீளாததால அடி மொத்தமும் கிளிப்புலதான் விழும். ஒண்ணு எல்லாரும் மறந்துருவாங்க, கிளிப்பு தொடறப்ப ராடு நிமிந்திருந்தா ஒரு தூரம், முன்னால நீட்டியிருந்தா இன்னொரு தூரம், ரெண்டுக்கும் கிட்டத்தட்ட பத்தடி வித்தியாசம் வரும். ரெண்டு ராடுக்கும் ஒரே மாதிரி பழகிக்கங்க.

இவ்வளவும் சொல்லிட்டு ஒண்ணு கேக்கறேன், உங்களுக்கு நெசமாவே 100 மீட்டர் வேணுமாங்க? மொதல்ல வெறும் ஈயத்தை பிரெய்டுல கட்டி வீசி அடியை இழுத்துப் பாருங்க. கல்லுனா டக்கு டக்குனு கைக்கு வரும், சேறுனா கனமா ஒட்டிட்டு வரும், பள்ளத்துக்கு சாயற எடத்துல திடீர்னு லூஸ் விழுகும். பவானிசாகர் 105 அடி அணை, ஆகஸ்ட்டுக்கு மேல கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணி போகப்போக கரை உள்ள போயிட்டே இருக்கும், போன மாசம் 90 மீட்டர்ல இருந்த பள்ளத்தோரம் இந்த மாசம் 50 மீட்டர்ல இருக்கலாம். ரொம்ப வத்தினா டணாய்க்கன் கோட்டை கோயிலே வெளிய தெரியும், அந்தப் பக்கமெல்லாம் கல்லுக்கட்டு, நூலு போச்சுனா போச்சுதான். ஆடி ஆவணியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்க இருந்து அடிக்கறப்ப, மீனு காத்து மோதற கெழக்குக் கரைக்கே வந்து மேயறதை நான் ஆழியாறுலயும் திருமூர்த்தியிலயும் பல தடவை பார்த்திருக்கேன். இது என்ற அனுபவம்தான், விதின்னு சொல்லமாட்டேன், ஆனா அந்த மாதிரி நாள்ல 30 மீட்டருக்குள்ளயே மீனு இருக்கறப்ப 90 மீட்டர் வீசி என்ன பண்றது? கையாலயே உருண்டை புடிச்சு 25 மீட்டர் எறியலாம், உண்டிவில்லுல 40 மீட்டர் போகும். கோயமுத்தூர் குளங்கள்ல எனக்கு ராக்கெட்டு ராடு தேவைப்பட்டதே இல்ல.

இரையைப் பத்தி கொஞ்சம். மக்காச்சோளத்தை ஒரு நாள் பூரா ஊற வெச்சு, அரை மணி நேரமாச்சும் கொதிக்க விட்டு, நசுக்கினா மாவு வெளிய வர்ற பதத்துல எடுங்க, வேகாத தானியம் மீனோட வயித்துல போய் ஊதும். கடலைப்புண்ணாக்கு பூஞ்சை வாடை அடிச்சா தூக்கிப் போட்டுருங்க. மிர்காலும் சாதாக்கெண்டையும் அடியில மேயறதால அதுக்கு சோளம், கொள்ளு மாதிரி நேரா கீழ போறது நல்லது. கட்லா மேல்தண்ணியில நீந்தறது, அதுக்கு தவிடும் பொடிச்ச புண்ணாக்கும் கலந்து தண்ணி எச்சா விட்டு ரொப்பினா, ராக்கெட்டு தொறந்ததும் பால் ஊத்தின மாதிரி கலங்கி மெதுவா எறங்கும். ராக்கெட்டை முக்காலுக்குத்தான் ரொப்போணும், அமுக்கி ரொப்பினா தொறக்காது, தொறக்காத ராக்கெட்டை இழுக்கறதுலதான் கியர் போகுது. சுத்தறப்ப ராடைத் தூக்கிப் புடிச்சா வெறும் ராக்கெட்டு தண்ணி மேல வழுக்கிட்டே வரும். எவ்வளவு போடறதுங்கறதுல எனக்கே ஒரு நாள் போல ஒரு நாள் இல்ல, நான் ஆறு ராக்கெட்டுல ஆரம்பிச்சு மீன் ஒண்ணு வந்தா ரெண்டு போடறேன்.

காசு கணக்குக்கு வர்றேன். 15 ஆயிரத்துல ரீலுக்கு ஆறு, ஏழு ஆயிரம், ராடுக்கு நாலு, அஞ்சு ஆயிரம், பிரெய்டுக்கும் லீடருக்கும் ரெண்டாயிரம், மிச்சத்துல ராக்கெட்டு ரெண்டு. ராடு பழசு கெடைச்சா வளையத்தையும் மூட்டையும் பார்த்துட்டு தாராளமா வாங்கலாம். ராக்கெட்டு இழுத்த ரீலைப் பழசா வாங்கவே வாங்காதீங்க, வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள பல்லு போயிருக்கும்.

அணையில தூண்டில் போடறதுக்கு மீன்வளத்துறைகிட்டயோ அங்க மீன் எடுக்கறவங்ககிட்டயோ கேட்டு அனுமதியோட போங்க. பவானிசாகரோட வடபுறம் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், அங்க போகக்கூடாது, வெயில் காலத்துல ஆனை தண்ணிக்கு எறங்கும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கரையில நிக்காதீங்க. அமராவதியில முதலை இருக்குது, முழங்கால் தண்ணியில எறங்கி நின்னு வீசற வேலையே வேண்டாம். மோயார் தண்ணியில இருக்கற திமில் மஹசீரை 2018-ல அழிவோட விளிம்புல இருக்கற மீன்னு பட்டியல்ல சேர்த்திருக்காங்க, தப்பித்தவறி அது மாட்டிச்சுனா தண்ணிக்குள்ளயே வெச்சு முள்ளைக் கழட்டி விட்டுருங்க தம்பி.

இப்ப இருக்கற மூணு பவுண்டு ராடையும் 5000 ரீலையும் மீன் புடிக்கறதுக்கு அப்படியே வெச்சுக்கங்க, அது அந்த வேலைக்கு நல்ல செட்டு. ஞாயித்துக்கிழமை ராக்கெட்டை ரொப்பி தராசுல வெச்சு எத்தனை கிராம்னு இங்கயே கீழ போடுங்க, கரையில பின்னால எவ்வளவு எடமிருக்குது, உங்க உயரம் என்னன்னும் போடுங்க, எத்தனை பவுண்டு, 12 அடியா 13 அடியான்னு பார்த்துச் சொல்றேன்.